பட்டியலில் இருந்து ஓநாயை எடுத்த மறுநாள்

2021 பிப்ரவரி கடைசி வாரத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஓநாய் வேட்டை தொடங்கியது. பழங்குடியினரின் பங்கு போக, மற்ற வேட்டைக்காரர்கள் 119 ஓநாய்களைக் கொல்லலாம் என்று மாநில இயற்கை வளத் துறை வரம்பு வைத்திருந்தது. ஒரு வாரம் நடக்க வேண்டிய வேட்டை. மூன்று நாள்கூட முழுதாக ஆகவில்லை, 218 ஓநாய்கள் செத்துவிட்டன. பனி விழுந்திருந்ததால் காலடித் தடம் தெளிவாகத் தெரிந்தது. வேட்டை நாய்களை அவிழ்த்துவிடச் சட்டம் அனுமதித்தது. இரவிலும் வேட்டையாடலாம். இதற்கெல்லாம் மேலாக, வேட்டையை நிறுத்துவதாக இருந்தால் 24 மணி நேரத்துக்கு முன்பே அறிவிக்க வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. எண்ணிக்கை வரம்பை நெருங்குவது அதிகாரிகளுக்குத் தெரிந்தது. ஆனால் அறிவித்த பிறகும் துப்பாக்கிகள் ஒரு நாள் முழுக்க வெடித்துக்கொண்டிருந்தன.

பிப்ரவரி மாதம் ஓநாய்கள் இணை சேரும் காலம். செத்தவற்றில் சினையாக இருந்த பெண் ஓநாய்கள் எத்தனை, தாயும் தந்தையும் போய்க் கலைந்த கூட்டங்கள் எத்தனை என்பது 218 என்ற எண்ணில் தெரியாது.

ஓஜிப்வே பழங்குடியினருக்கு 81 ஓநாய்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. 19ஆம் நூற்றாண்டில் அவர்கள் நிலத்தை விட்டுக்கொடுத்தபோது செய்த ஒப்பந்தங்களின்படி, அந்த நிலத்தில் கிடைக்கும் வேட்டையில் பாதி அவர்களுக்கு உரிமை. அவர்களுடைய படைப்புக் கதையில் ஓநாய் முதல் மனிதனின் சகோதரன், அதற்கு நேர்வது தங்களுக்கும் நேரும் என்று நம்புகிறவர்கள். தங்கள் பங்கு ஓநாய்கள் உயிரோடு காட்டில் இருக்கட்டும் என்றுதான் அதை வாங்கி வைத்தார்கள். மற்றவர்கள் வரம்பைத் தாண்டி 99 ஓநாய்களைக் கொன்றதில் அந்தப் பங்கும் சேர்ந்து போனது.

இந்த வேட்டைக்கு ஏழு வாரம் முன்புவரை விஸ்கான்சினில் ஓநாயைச் சுடுவது மத்திய அரசின் சட்டப்படி குற்றம். 2020 நவம்பரில் அமெரிக்க மீன், வனவுயிர்த் துறை சாம்பல் ஓநாயைப் பாதுகாப்புப் பட்டியலில் இருந்து நீக்க முடிவெடுத்தது. 2021 ஜனவரி 4 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பட்டியலில் இல்லாதபோது குளிர்காலத்தில் வேட்டை நடத்தியே ஆக வேண்டும் என்று விஸ்கான்சின் சட்டமன்றம் 2012லேயே சட்டம் போட்டு வைத்திருந்தது. ஏற்பாட்டுக்கு நேரம் வேண்டும், நவம்பரில் பார்க்கலாம் என்றது மாநிலத் துறை. வேட்டைக்காரர்களின் அமைப்பு ஒன்று வழக்குப் போட, உடனே நடத்து என்று மாவட்ட நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஓநாயின் சட்டப் பாதுகாப்பை நீக்கலாமா கூடாதா என்ற விவாதத்தை வழக்கமாக எண்ணிக்கையை வைத்து நடத்துகிறார்கள். இவ்வளவு ஓநாய் இருக்கிறது, போதும் என்று ஒரு தரப்பு. போதாது என்று மறு தரப்பு. விஸ்கான்சினில் அப்போது ஓநாய்கள் ஆயிரத்தை ஒட்டி இருந்தன, நல்ல எண்ணிக்கைதான். அங்கே கோணிப்போனது எண்ணிக்கை இல்லை. ஒரு நாள் வரை முழுப் பாதுகாப்பு, மறுநாள் திறந்த வேட்டை, இரண்டுக்கும் நடுவே எதுவுமே இல்லை. ஐம்பது ஆண்டுச் சண்டையின் முடிச்சு அங்கேதான் விழுந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால்தான் இது புரியும். அமெரிக்காவில் ஓநாய் தானாக அழியவில்லை. அரசு சம்பளம் கொடுத்து அழித்தது. தலைக்கு இவ்வளவு என்று பரிசுப் பணம், செத்த மாட்டில் ஸ்டிரிக்னின் விஷம், இரும்புப் பொறி. 1915 வாக்கில் இருந்து மத்திய அரசே இதற்கென வேட்டைக்காரர்களை வேலைக்கு வைத்தது. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குள்ளேயே, பூங்கா ஊழியர்களே, 1926இல் கடைசியாக இரண்டு குட்டிகளைக் கொன்றார்கள். 1970களுக்கு வந்தபோது, அலாஸ்காவை விட்டுப் பார்த்தால், மினசோட்டாவின் வடகிழக்கு மூலையிலும் சுப்பீரியர் ஏரியில் உள்ள ஒரு தீவிலும் சில நூறு ஓநாய்கள் மிஞ்சியிருந்தன.

1973இல் அழிவாபத்து உயிரினங்கள் சட்டம் வந்தது. 1978இல் அலாஸ்கா, ஹவாய், மினசோட்டா தவிர்த்த 47 மாநிலங்களிலும் சாம்பல் ஓநாய் 'அழிவின் விளிம்பில்' என்ற வகையில் சேர்க்கப்பட்டது. மினசோட்டாவில் மட்டும் ஒரு படி கீழே, 'அச்சுறுத்தலில்' என்ற வகை. இந்தச் சின்ன வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

1995 ஜனவரியில் கனடாவின் ஆல்பர்ட்டாவில் பிடித்த ஓநாய்களைக் கூண்டில் ஏற்றி யெல்லோஸ்டோனுக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு குளிர்காலங்களில் யெல்லோஸ்டோனில் 31, ஐடஹோவின் நடுப்பகுதியில் 35. மாட்டுப் பண்ணைக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த இரண்டு வாக்குறுதிகள் தரப்பட்டன. ஒன்று, இவை சோதனை அடிப்படையில் விடப்படும் ஓநாய்கள், மாட்டைத் தாக்கினால் சுடலாம். இரண்டாவது, மொன்டானா, ஐடஹோ, வயோமிங் மூன்றிலும் சேர்த்து 30 இணைகள், 300 ஓநாய்கள் என்ற நிலை மூன்று ஆண்டுகள் தொடர்ந்தால் மத்திய அரசு ஒதுங்கிக்கொள்ளும், மாநிலங்களே பார்த்துக்கொள்ளலாம்.

அந்த இலக்கு 2002லேயே எட்டப்பட்டுவிட்டது. ஓநாய்களை நேசிக்கிறவர்கள் இதை அடிக்கடி கடந்துபோய்விடுகிறார்கள், கடந்துபோகக் கூடாது. வாக்குக் கொடுத்து வாங்கிய சம்மதம் அது. சட்டத்தின் நோக்கமே உயிரினத்தை மீட்டுப் பட்டியலில் இருந்து வெளியே அனுப்புவதுதான். அமெரிக்க அலிகேட்டர் முதலை 1987இல் வெளியே வந்தது. வெண்தலைக் கழுகு 2007இல் வந்தது. யாரும் அழவில்லை, கொண்டாடினார்கள். இலக்கை எட்டிய பிறகும் கோட்டைத் தள்ளித் தள்ளி வைத்தால் இனிமேல் எந்த மாநிலமும் எந்த விலங்கையும் உள்ளே விடச் சம்மதிக்காது என்கிறார்கள் பண்ணைக்காரர்கள். நியாயமான பேச்சு அது.

அப்புறம் ஏன் வெளியே அனுப்ப முடியவில்லை? 2008இல் நீக்கினார்கள், சில மாதங்களில் மொன்டானாவின் மத்திய நீதிபதி டொனால்ட் மொல்லாய் தடை போட்டார். 2009இல் வயோமிங்கை மட்டும் விட்டுவிட்டு மற்ற இரண்டு மாநிலங்களில் நீக்கினார்கள். வயோமிங் மாநிலத்தின் திட்டம் அவ்வளவு மோசமாக இருந்ததே காரணம். 2010இல் அதையும் மொல்லாய் ரத்து செய்தார். ஒரே ஓநாய்க் கூட்டத்தொகையை மாநில எல்லைக்கோட்டை வைத்து இரண்டாக வெட்ட முடியாது, சட்டம் அறிவியலைக் கேட்கிறது, வரைபடத்தைக் கேட்கவில்லை என்பது தீர்ப்பின் சாரம். 2011 ஏப்ரலில் நாடாளுமன்றம் உள்ளே வந்தது. மொன்டானா செனட்டர் ஜான் டெஸ்டரும் ஐடஹோ உறுப்பினர் மைக் சிம்ப்சனும் சேர்ந்து, அரசுச் செலவுக்கான பட்ஜெட் மசோதாவின் வாலில் ஒரு பிரிவை ஒட்டினார்கள். 2009 உத்தரவு அப்படியே திரும்ப வரும், அதை எந்த நீதிமன்றமும் விசாரிக்கக் கூடாது. ஓர் உயிரினத்தை நாடாளுமன்றமே பட்டியலில் இருந்து எடுத்தது அதுதான் முதல் முறை. கட்சி பேதமும் இல்லை. சிம்ப்சன் குடியரசுக் கட்சிக்காரர். டெஸ்டர் ஜனநாயகக் கட்சிக்காரர், மறு ஆண்டு அவருக்குத் தேர்தல்.

வயோமிங் கதை 2012இல் நீக்கம், 2014இல் மறுபடி பாதுகாப்பு, 2017இல் மறுபடி நீக்கம் என்று போனது. ஏரிகள் பகுதியான மினசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகனிலும் இதே ஊசலாட்டம். 2020 முடிவை 2022 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் நீதிபதி ஜெஃப்ரி வைட் ரத்து செய்ய, நாட்டின் பெரும்பகுதியில் பாதுகாப்பு திரும்பியது.

வழக்குகளில் திரும்பத் திரும்ப வரும் சட்டக் கேள்வி ஒன்றுதான். ஓர் உயிரினம் தன் வாழிடம் முழுவதிலுமோ அதன் 'குறிப்பிடத்தக்க பகுதியிலோ' ஆபத்தில் இருந்தால் பட்டியலில் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். எதை வாழிடம் என்பது? ஓநாய் இன்று நடமாடும் காடுகளையா, நூற்றைம்பது ஆண்டுக்கு முன்பு நடமாடிய கண்டத்தையா? இன்றைய காடு மட்டும்தான் என்றால் வேலை முடிந்தது, 2022 முடிவில் மேற்கு மாநிலங்களில் மட்டும் சுமார் 2,800, ஏரிகள் பகுதியில் நாலாயிரத்துக்கு மேல். பழைய வாழிடத்தையும் சேர்த்தால், வேலை பாதிகூட ஆகவில்லை. மத்திய மீன், வனவுயிர்த் துறை முதல் பதிலைப் பிடித்துக்கொள்கிறது, நீதிமன்றங்கள் பெரும்பாலும் அதை ஏற்க மறுக்கின்றன.

சரி, பண்ணைக்காரரின் பக்கம் வருவோம். ஓநாயால் சாகும் மாடுகள் மாநிலத்தின் மொத்த மாடுகளில் ஒரு சதவீதத்தில் சின்னப் பங்குதான் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். கணக்கு சரி. ஆனால் இழப்பு மாநிலம் முழுக்கப் பரவி விழுவதில்லை, ஓநாய்க் கூட்டத்தின் எல்லைக்குள் மேய்க்கிற நாலைந்து குடும்பங்களின் தலையில் விழுகிறது. கோடை தொடங்கியதும் கன்றும் பசுவுமாக மலைக்காட்டுக்கு ஓட்டிவிடுவார்கள். மத்திய அரசின் நிலம், மேய்ச்சலுக்குக் கட்டணம் கட்டியிருப்பார்கள். இலையுதிர்காலத்தில் இறக்கிக்கொண்டு வரும்போது எண்ணிப் பார்த்தால் கன்றுகள் குறையும். எங்கே போயின? இழப்பீடு வேண்டுமென்றால் செத்த கன்றைக் காட்ட வேண்டும். வேளாண் துறையின் அதிகாரி வந்து தோலை உரித்துப் பார்ப்பார். கடிபட்ட இடத்தில் தோலுக்கு அடியில் இரத்தம் கட்டியிருந்தால், கடிக்கும்போது கன்று உயிரோடு இருந்தது, ஓநாய்தான் கொன்றது. இரத்தக்கட்டு இல்லையென்றால் வேறு எதனாலோ செத்ததை ஓநாய் வந்து தின்றிருக்கிறது, பணம் கிடையாது. கோடை வெயிலில், கரடியும் காக்கையும் கழுகும் இருக்கிற காட்டில், ஒரு கன்றின் உடல் அந்தச் சோதனைக்கு எத்தனை நாள் தாங்கும்? இதனால்தான் வயோமிங்கில், உறுதியான ஒரு கன்றுக்குக் காணாமல் போனவற்றையும் சேர்த்து ஏழு கன்று வரை பணம் தரும் கணக்கு வைத்தார்கள். செத்தது போக, மிரண்டு மிரண்டு மேயாமல் எடை குறையும் மாடுகளுக்கு யார் பதில் சொல்வது? பண்ணைக்காரரின் கோபத்தை வெறும் வெறுப்பு என்று தள்ளுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எல்க் மான் வேட்டைக்காரர்களுக்கும் ஒரு மனக்குறை. யெல்லோஸ்டோனின் வடபகுதி எல்க் மந்தை 1994இல் சுமார் 19,000 இருந்தது, 2013இல் நாலாயிரத்துக்கும் கீழே போனது. ஓநாய் மட்டும் காரணமில்லை. கரடி, மலைச்சிங்கம், வறட்சி, மனித வேட்டை எல்லாம் சேர்ந்தே குறைத்தன. அதேபோல, ஓநாய் வந்ததும் ஆற்றங்கரை மரங்கள் தழைத்து ஆறே திசை மாறியது என்று பரவியிருக்கும் அழகான கதையும் அவ்வளவு நேரானதில்லை. பல இடங்களில் மரங்கள் மெதுவாகவே மீள்கின்றன, சில இடங்களில் மீளவில்லை. ஓநாய்க்காக வாதாட மிகைப்படுத்தல் தேவையே இல்லை. ஓநாயைப் பார்க்க வருகிற பயணிகள் 2005 வாக்கிலேயே சுற்றுவட்டாரத்தில் ஆண்டுக்குச் சுமார் மூன்றரைக் கோடி டாலர் செலவழித்தார்கள், அது நிஜப் பணம்.

நீக்கம் நடந்த மாநிலங்கள் என்ன செய்தன என்று பார்க்கும்போதுதான், பண்ணைக்காரரோடு உடன்பட்டுக்கொண்டே வந்த என் மனம் நின்றுவிடுகிறது. 2021இல் ஐடஹோ சட்டம் போட்டது. தனியார் நிலத்தில் ஆண்டு முழுக்கப் பொறி வைக்கலாம், ஒரு ஆள் எத்தனை ஓநாய் வேண்டுமானாலும் கொல்லலாம், அரசு ஒப்பந்தக்காரரை அமர்த்திக் கொல்லலாம். 1,500ஐ 150 ஆக்கலாம் என்று வெளிப்படையாகவே பேசினார்கள். எண்ணிக்கை அந்த அளவுக்கு விழவில்லை என்பதும் உண்மை, ஓநாய் தாக்குப்பிடிக்கிற விலங்கு. அதே ஆண்டு மொன்டானா சுருக்குக் கண்ணி, தனியார் நிலத்தில் இரவு வேட்டை, இரை வைத்துச் சுடுவது எல்லாவற்றையும் அனுமதித்தது. யெல்லோஸ்டோனை ஒட்டிய இரண்டு பகுதிகளில் தலா ஒரு ஓநாய் என்று இருந்த வரம்பையும் எடுத்தது. அந்தக் குளிர்காலத்தில் பூங்காவின் ஓநாய்கள் 25 கொல்லப்பட்டன, ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. பூங்காவுக்குள் மனிதரைக் கண்டு ஓடத் தேவையில்லாமல் வளர்ந்தவை. எல்லை எங்கே என்று அவற்றுக்குத் தெரியாது, கோட்டுக்கு அப்பால் காத்திருந்தவர்களுக்குத் தெரியும். மாட்டைக் காப்பாற்றுவதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

மொன்டானா ஆளுநர் கிரெக் கியான்ஃபோர்ட்டியே 2021 பிப்ரவரியில் பூங்காவுக்கு வெளியே பொறி வைத்து, ரேடியோ காலர் போட்ட ஒரு யெல்லோஸ்டோன் ஓநாயைக் கொன்றார். பொறி வைப்பவர்கள் முதலில் முடிக்க வேண்டிய பயிற்சி வகுப்பை அவர் முடித்திருக்கவில்லை. எழுத்தில் ஓர் எச்சரிக்கை கொடுத்தார்கள், அத்தோடு சரி. ஓநாயைப் பொறுப்பாக நிர்வகிப்போம் என்று மாநிலம் கேட்கிற நம்பிக்கைக்கு மாநிலத்தின் முதல் குடிமகன் காட்டிய மரியாதை இது.

வயோமிங்கில் நிலைமை இன்னும் வெளிப்படை. மாநிலத்தின் சுமார் 85 சதவீதப் பரப்பில் ஓநாய் 'கொன்றுண்ணி' என்ற வகையில் இருக்கிறது. உரிமம் வேண்டாம், காலம் வேண்டாம், எந்த முறையிலும் கொல்லலாம். 2024 தொடக்கத்தில் அங்கே ஒருவர் பனிவண்டியால் துரத்தி ஓநாயை அடித்து வீழ்த்தி, செத்துக்கொண்டிருந்ததை வாயைக் கட்டி மதுக்கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினார். அப்போது அவருக்குக் கிடைத்த தண்டனை 250 டாலர் அபராதம். அதுவும் ஓநாயை வதைத்ததற்கு இல்லை, உயிரோடு கையில் வைத்திருந்ததற்கு. நாடே கொதித்தது. வேட்டைக்காரர்களிலும் பலர் வெட்கப்பட்டார்கள்.

இவற்றையெல்லாம் பார்த்துத்தான் மேற்கு மலைப்பகுதி ஓநாய்களை மறுபடி பட்டியலில் சேர்க்கச் சொல்லி அமைப்புகள் மனுப் போட்டன. 2024 பிப்ரவரியில் துறை மறுத்தது, 2025 ஆகஸ்டில் அந்த மறுப்பை அதே நீதிபதி மொல்லாய் ரத்து செய்து திரும்ப யோசிக்கச் சொன்னார். இன்னொரு பக்கம், 2024 ஏப்ரலில் பிரதிநிதிகள் சபை நாடு முழுக்க ஓநாயை நீக்கும் மசோதாவை 209க்கு 205 என்ற கணக்கில் நிறைவேற்றியது. அதிலும் 2011இன் அதே வாசகம் இருந்தது, நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது.

யார் முடிவெடுப்பது என்ற கேள்வி இதற்கு நேர் எதிர்த் திசையில் இருந்தும் வலிக்கிறது. கொலராடோவில் 2020இல் பொதுவாக்கெடுப்பு நடத்தி மயிரிழையில் ஓநாயைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆதரவு டென்வர் பக்கத்து நகரங்களில் இருந்து வந்தது. 2023 டிசம்பரில் ஓநாய்கள் விடப்பட்டதோ மலைக்கு மேற்கே, எதிர்த்து வாக்களித்தவர்களின் மேய்ச்சல் நிலத்தை ஒட்டி. ஒரு மாட்டுக்கு 15,000 டாலர் வரை இழப்பீடு என்று தாராளமாக வைத்திருந்தாலும், எங்களைக் கேட்காமல் செய்தார்கள் என்ற மனக்குறையைப் பணம் ஆற்றவில்லை.

ஐரோப்பாவிலும் இதே விவாதம் சூடாக நடக்கிறது. அங்கே 2023 கணக்குப்படி சுமார் 20,300 ஓநாய்கள், ஆண்டுக்குக் குறைந்தது 65,500 கால்நடைகள் பலி. 2022இல் ஓநாய் கொன்றவற்றில் ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா ஃபொன் டெர் லையனின் குட்டைக் குதிரையும் ஒன்று. 2024 டிசம்பரில் ஐரோப்பிய வனவுயிர்ப் பாதுகாப்புக்கான பெர்ன் உடன்படிக்கையிலும், 2025 மேயில் ஐரோப்பிய நாடாளுமன்றத்திலும் ஓநாய் 'கடும் பாதுகாப்பு' நிலையில் இருந்து 'பாதுகாப்பு' நிலைக்கு இறக்கப்பட்டது. அறிவியலைவிட அரசியல் முந்திக்கொண்டது என்று பல ஆய்வாளர்கள் கண்டித்தார்கள், எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஆனாலும் கவனிக்க ஒன்று இருக்கிறது. அங்கே இறங்குவதற்கு ஒரு படி இருக்கிறது. கீழ்ப் படியிலும் ஓநாயின் நிலை நன்றாக இருப்பதை உறுதிசெய்ய வேண்டிய கடமை நாடுகளை விடாது. 2024 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் ஸ்பெயின் வழக்கில் அதைத்தான் சொன்னது, நாட்டளவில் ஓநாயின் நிலை சரியில்லாதபோது ஒரு வட்டாரத்தில் மட்டும் வேட்டை விலங்காக அறிவிக்க முடியாது.

அமெரிக்கச் சட்டத்திலும் அப்படி ஒரு படி இல்லாமல் இல்லை. மினசோட்டாவில் 1978இல் இருந்தே ஓநாய் 'அச்சுறுத்தலில்' என்ற வகையில் இருக்கிறது, நீக்கப்பட்ட இடைக்காலங்களைத் தவிர்த்து. அந்த வகைக்குத் தனி விதி எழுதலாம், எழுதியிருக்கிறார்கள். மாடோ செம்மறியோ ஓநாயால் செத்தது என்று உறுதியானால் அரசுப் பணியாளர்கள் வந்து, சம்பவம் நடந்த இடத்தில் இருந்து அரை மைலுக்குள் பொறி வைத்து ஓநாயைக் கொல்லலாம். இப்படிப் பெரும்பாலான ஆண்டுகளில் நூற்றுக்கு மேல் கொல்லப்படுகின்றன. மாநிலம் இழப்பீடும் தருகிறது. மாநிலத்தில் ஓநாய்கள் சுமார் 2,700, பல ஆண்டுகளாக அந்த அளவிலேயே நிற்கின்றன. யாருக்கும் முழுத் திருப்தி இல்லை. வேட்டை வேண்டும் என்கிறவர்களும் இருக்கிறார்கள், கொல்லவே கூடாது என்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மாடு போனவருக்குக் கூப்பிட ஓர் ஆள் இருக்கிறார், மாட்டுப் பக்கம் வராத ஓநாய்க்கு உயிர் இருக்கிறது.

மற்ற மாநிலங்களில் ஓநாயை இந்தப் படிக்கு இறக்கினால் நான் எதிர்க்க மாட்டேன். பண்ணைக்காரருக்கு 1995இல் கொடுத்த வாக்கும் அதில் பெருமளவு நிறைவேறும். அதற்கு மேலே போய் முழுதாக மாநிலத்திடம் ஒப்படைப்பதாக இருந்தால், வெற்று இலக்கெண் போதாது. வரம்பைத் தாண்டியதும் அன்றே வேட்டையை நிறுத்தும் அதிகாரம் வேண்டும். பூங்கா எல்லையில் தனி வரம்பு வேண்டும், 2022இல் கூச்சல் எழுந்த பிறகு மொன்டானாவே யெல்லோஸ்டோன் ஓரத்துக்கு ஆறு என்று வரம்பைத் திரும்ப வைத்தது, ஆகவே முடியாதது இல்லை. பனிவண்டியால் மோதுவது எந்தப் பரப்பிலும் குற்றமாக வேண்டும். ஒப்பந்தத்தில் உரிமை உள்ள பழங்குடியினர் தங்கள் பங்கைக் காட்டிலேயே விட்டுவைத்தால் அது காட்டிலேயே இருக்க வேண்டும். நீதிமன்றக் கதவு திறந்திருக்க வேண்டும். இதில் ஒன்றைக்கூட எழுதாமல் நீக்கத்தை மட்டும் ஒற்றை வரியில் கேட்கிற மசோதாவுக்கு, விஸ்கான்சினின் அந்த மூன்று நாளைப் பார்த்தவர்கள் எப்படிச் சம்மதிப்பார்கள்?